வலையமைப்பு மானிட்டர் மிக்ஸரின் பின்பக்க இணைப்புகள்: கொடைக்கானல் மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல், பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வட்டாரத்தில் உள்ள ஆலயங்களிலும் கோயில் மண்டபங்களிலும் பள்ளி அரங்குகளிலும் மேடை ஒலி அமைக்கும் வேலையைச் செய்துவருகிறேன். பாடுபவரின் காலடியில் சாய்த்து வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் பதிலாக, அவரவர் காதுக்கு வேண்டிய கலவையை அவரவரே அமைத்துக்கொள்ளும் மானிட்டர் மிக்ஸர்கள் இப்போது இந்த மலைக்கும் வந்துவிட்டன. மேடைக்கு வரும் ஒலி முழுவதும் ஒரே நெட்வொர்க் கேபிளில் அந்தச் சிறிய பெட்டிக்குள் நுழைகிறது. முன்பக்கக் குமிழ்களைப் பற்றி என்னிடம் எவரும் கேட்பதில்லை; பாடகர் குழுப் பிள்ளைகள் அவற்றை ஒரே மாலையில் பழகிக்கொள்கிறார்கள். வருகிற தொலைபேசி அழைப்புகள் எல்லாம் பின்பக்கத்தைப் பற்றியவை. ஒரே வடிவத்தில் இருக்கும் துளைகளுக்குள் வெவ்வேறு சங்கதிகள் ஓடுகின்றன என்பதைக் கவனியாமல் விட்டதால்தான், நான் சரிசெய்யப் போன கோளாறுகளில் பெரும்பாலானவை நேர்ந்திருந்தன. ஆகவே அடிக்கடி வரும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

பின்பக்கத்தில் பொதுவாக என்னென்ன துளைகள் இருக்கும்?

மைக் ஸ்டாண்டில் மாட்டும் சிறிய வகையில், ஆர்ஜே45 எனப்படும் நெட்வொர்க் துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். அடாப்டருக்கான வட்டத் துளை, 6.35 மில்லிமீட்டர் ஜாக் அளவில், வேறு கருவிகளுக்கு ஒலி கொடுக்கும் இடது, வலது லைன் அவுட், அதே அளவில் ஹெட்போன் துளை, கைபேசியிலிருந்தோ வேறு கருவியிலிருந்தோ ஒலியெடுக்க 3.5 மில்லிமீட்டர் துளை ஆகியவையும் பெரும்பாலும் இருக்கும். ரேக் எனப்படும் சட்டத்தில் பொருத்தும் பெரிய வகையில் இவற்றோடு மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்புகளும், டிஜிட்டல் கருவிகளை ஒன்றாக ஓடவைக்கும் கடிகாரத் துடிப்புக்கான பிஎன்சி துளையும், 230 வோல்ட் மின்சாரம் நேரே நுழையும் இணைப்பும் சேர்ந்துகொள்ளும்.

கறுப்புப் பெட்டியில் சாம்பல் நிறத்தில் பொடியாக அச்சிட்ட எழுத்துகளை மேடை வெளிச்சத்தில் படிக்க முடியாது. பெட்டி வந்த அன்றே நல்ல பகல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் படமெடுத்துக் குழுவினர் அனைவரின் கைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு துளைக்கும் மேலே வெள்ளை ஒட்டுத்தாளில் தமிழிலேயே பெயர் எழுதி ஒட்டுங்கள். நான் அமைத்துக் கொடுக்கும் இடங்களில் இந்த இரண்டும் முடியாமல் கேபிளைத் தொடுவதில்லை.

லேன் கேபிள் நுழையும் துளைதானே? எந்த மிக்ஸரின் ஆர்ஜே45 துளையிலிருந்தும் இதற்குக் கேபிள் இழுக்கலாமா?

கூடாது. ஆர்ஜே45 என்பது செருகியின் உருவத்துக்கு வைத்த பெயர். அதன் வழியே ஓடுவது எந்த மொழி என்பதை அந்த உருவம் சொல்லாது. ஆடினேட் நிறுவனத்தின் டான்டே என்னும் முறை, கணினிகளை இணைக்கும் சாதாரண ஈதர்நெட்டின் பாக்கெட்டுகளாகவே, அதாவது சிறு தரவுப் பொட்டலங்களாகவே, ஒலியை அனுப்புவதால், நடுவில் ஸ்விட்ச் என்னும் பல துளைப் பெட்டியை வைத்துப் பிரித்துக் கொடுக்கலாம். பெரிங்கர் பெட்டிகளில் உள்ள அல்ட்ராநெட் 16 சேனல்களை, அதாவது 16 தனித்தனி ஒலிகளை, அதே வகைக் கேபிளில்தான் அனுப்புகிறது. ஆனால் அது ஈதர்நெட் அன்று. அதைச் சாதாரண ஸ்விட்சில் செருகினால் ஒரு சேனல்கூட வராது. அதற்கென்றே செய்த பிரிப்பானைத்தான் நடுவில் வைக்க வேண்டும். ஏஇஎஸ்50 என்பது மூன்றாவது ஒன்று. மிக்ஸருக்கும், மேடையில் மைக்குகளைச் செருகும் மேடைப் பெட்டிக்கும் இடையே நேரடியாக ஓடும் அதற்கு, உலோக உறையுள்ள கேபிளும் இரு முனையிலும் உலோகக் கூடும் தேவை.

ஒரே மிக்ஸரின் பின்பக்கத்திலேயே இவற்றில் இரண்டு மூன்று அருகருகே இருப்பதுண்டு. ஓர் ஆலயத்தில் ஏஇஎஸ்50 என்று எழுதிய துளையிலிருந்து மானிட்டர் பெட்டிக்குக் கேபிள் இழுத்துவிட்டு, பெட்டி பழுது என்று திருப்பி அனுப்பவே தயாராகியிருந்தார்கள். கேபிளின் ஒரு முனையை இரண்டு விரற்கடை தள்ளி அல்ட்ராநெட் துளையில் செருகியதும் பதினாறு சேனல்களும் வந்துவிட்டன.

வாங்கும் முன் உங்கள் பிரதான மிக்ஸர் எந்த மொழியில் பேசுகிறது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். டான்டே பெட்டிகளுக்கும் மற்ற சில வகைகளுக்கும் பாலமாக 2013இல் வெளியான ஏஇஎஸ்67 என்ற பொதுத் தரம் இருக்கிறது. ஆனால் இரண்டு கருவிகளிலும் அந்த வசதி இருந்து, அதை இயக்கியும் வைத்திருந்தால்தான் அது பயன்படும்.

என் பெட்டியில் இரண்டு நெட்வொர்க் துளைகள் உள்ளன. இரண்டையும் ஸ்விட்சில் செருகினால் பாதுகாப்பு கூடுமா?

அது பெட்டி எந்த முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. டான்டே கருவிகளில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் இரண்டாம் துளை முதல் துளையின் தொடர்ச்சியாக, பெட்டிக்குள் இருக்கும் சிறிய ஸ்விட்சைப் போல வேலை செய்யும். அங்கிருந்து அடுத்த பெட்டிக்குக் கேபிளை நீட்டலாம். மற்றொன்றில் இரண்டு துளைகளும் தனித்தனி நெட்வொர்க்குகளுக்கு உரியவை. முதல் பாதையில் கேபிள் அறுந்தாலும் இரண்டாம் பாதையில் ஒலி தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் இரண்டாம் பாதைக்குத் தனி ஸ்விட்சே வேண்டும்.

தொடர்ச்சி முறையில் இருக்கும் பெட்டியின் இரு துளைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகினால் வளையம் உருவாகிவிடும். எல்லோருக்கும் போக வேண்டிய பாக்கெட்டுகள் அந்த வளையத்தில் முடிவின்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் நெட்வொர்க் முழுவதையும் அடைத்துவிடும். அப்போது அந்த ஒரு பெட்டி மட்டுமன்றி மேடை முழுவதும் ஊமையாகும். ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் படபடவென்று மின்னுவதுதான் இதற்கு அடையாளம். கடைசியாக எந்தக் கேபிளைச் செருகினீர்களோ அதை உருவிவிட்டுச் சற்றுக் காத்திருங்கள்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். தாமாகவே முகவரி எடுத்துக்கொள்ளும் டான்டே கருவிகளில் முதல் பாதையின் முகவரி 169.254 என்றும், இரண்டாம் பாதையின் முகவரி 172.31 என்றும் தொடங்கும். மடிக்கணினியில் டான்டே கட்டுப்பாட்டு மென்பொருளைத் திறந்து பார்த்தால், எந்தக் கேபிள் எந்தப் பாதையில் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பெட்டிகளைச் சங்கிலியாகக் கோத்தால் கடைசியில் நிற்பவருக்குத் தாமதமாகக் கேட்குமா?

டான்டேயில் அப்படிக் கேட்காது. எவ்வளவு நேரம் காத்திருந்து ஒலிக்க வேண்டும் என்பது ஒவ்வொரு பெட்டியிலும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. வழக்கமான அளவு 1 மில்லி விநாடி. அந்த நேரத்தில் ஒலி காற்றில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் பயணம் செய்யும் என்பதால், பாடுபவரால் அதை உணர முடியாது. சங்கிலி மிக நீண்டு, பாக்கெட்டுகள் அந்த நேரத்துக்குள் வந்துசேராவிட்டால் தாமதம் தோன்றாது. ‘டிக் டிக்’ என்று ஒலி அறுபடும்.

சங்கிலியில் எனக்கு இருக்கும் அச்சம் வேறு. நடுவில் நிற்கும் ஒருவர் தம் பெட்டியைக் கழற்றினால் அவருக்கு அப்பால் இருப்பவர்கள் அனைவரின் காதும் அடைந்துவிடும். நான்கு பேருக்கு மேல் என்றால் ஸ்விட்சிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனிக் கேபிள் இழுப்பதே நல்லது.

அடாப்டர் இல்லாமல் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் வருமா?

பெட்டியிலும் ஸ்விட்சிலும் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் வசதி, இருந்தால் வரும். 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தின்படி ஸ்விட்ச் ஒரு துளைக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். கேபிளில் இழக்கப்படுவது போகப் பெட்டிக்கு 12.95 வாட் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 2009இல் வந்த 802.3ஏடி தரத்தில் இவை 30 வாட்டும் 25.5 வாட்டும். பெரும்பாலான மானிட்டர் பெட்டிகளுக்கு முதல் தரமே போதும்.

பலரும் தவறவிடுவது ஸ்விட்சின் மொத்த அளவை. எட்டுத் துளை ஸ்விட்சின் மொத்த வழங்கல் 60 வாட் என்று எழுதியிருக்கிறது, பெட்டி ஒவ்வொன்றும் 9 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். ஆறு பெட்டிகளுக்கு 54 வாட் ஆகும். ஏழாவது பெட்டியைச் செருகும்போது ஸ்விட்ச் அதற்கு மின்சாரம் மறுத்துவிடும். ஏழாவது பெட்டியைப் பழுது என்று எண்ணிப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. மேலும், பெட்டிக்கு வந்த மின்சாரம் அதன் தொடர்ச்சித் துளை வழியே அடுத்த பெட்டிக்குப் பெரும்பாலும் போகாது. சங்கிலியில் இரண்டாவதாக நிற்கும் பெட்டிக்கு அடாப்டர் வேண்டியிருக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தரப்படி செய்த பிஓஇ ஸ்விட்ச், மறுமுனையில் உள்ள கருவி மின்சாரம் ஏற்கக்கூடியதுதானா என்று 25 கிலோ ஓம் தடையை அளந்து பார்த்த பிறகே 44 முதல் 57 வோல்ட் வரையிலான மின்சாரத்தை அனுப்பும். வைஃபை ஆன்டெனாவுக்கும் கேமராவுக்கும் வரும் மலிவான இன்ஜெக்டர்கள் பல, எதையும் கேட்காமல் 24 வோல்ட்டையோ 48 வோல்ட்டையோ கேபிளில் ஏற்றிவிடுகின்றன. விடுதியில் கேமராவுக்கு வைத்திருந்ததை எடுத்து வந்து மேடையில் செருகுவதை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியின் நெட்வொர்க் பகுதி ஒரு நொடியில் கெட்டுவிடக்கூடும்.

எந்தக் கேபிள் வாங்குவது, எவ்வளவு தூரம் இழுக்கலாம்?

கேட்5இ போதும், கேட்6 இருந்தால் நல்லது. ஈதர்நெட்டின் எல்லை 100 மீட்டர். சுவருக்குள் 90 மீட்டர், இரு முனைகளிலும் சேர்த்து 10 மீட்டர் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அல்ட்ராநெட் போன்றவற்றுக்கு இதைவிடக் குறைந்த எல்லை உண்டு என்பதால் கையேட்டைப் பாருங்கள்.

நிலையாகப் பதிக்கும் இடத்தில் ஒற்றைக் கம்பிக் கேபிளும், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சுருட்டி எடுக்கும் இடத்தில் பல இழைக் கேபிளும் வேண்டும். ஒற்றைக் கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் உறைக்குள்ளேயே முறிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள்கள் பலவற்றில், அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புப் பூச்சுதான் இருக்கும். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான். ஒலி மட்டும் ஓடும்போது தாங்கிக்கொள்ளும் அந்தக் கேபிள், பிஓஇ மின்சாரமும் சேர்ந்து நீண்ட தூரம் ஓடும்போது சூடாகிப் பெட்டியை அவ்வப்போது அணைத்து எழுப்பும். கடையிலேயே நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வாங்காதீர்கள்.

முனையை நீங்களே கிரிம்ப் செய்வதானால், அதாவது கம்பிகளைச் செருகியில் அழுத்திப் பொருத்துவதானால், செருகியின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்குமாறு பிடித்து இடமிருந்து வலமாக வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் வையுங்கள். பச்சை இணை நடுவிலுள்ள நீல இணையின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது பாருங்கள், அங்கேதான் கை தவறும். இரு முனையிலும் எட்டுக் கம்பிகளையும் வெறுமனே வரிசையாக அடுக்கிவிட்டால், சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் முறுக்கிய இணைகள் பிரிந்துபோய், சற்று நீளமான கேபிளில் ஒலி விட்டுவிட்டு வரும்.

மேடைக் கேபிளின் முனைக்கு உலோகக் கூடு போட்ட ஈதர்கான் வகையைப் போடுங்கள். நெகிழிக் கொக்கி ஒரே திருவிழாவில் ஒடிந்துவிடுகிறது.

வீட்டு வைஃபை ரூட்டரையே ஸ்விட்சாகப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். கிகாபிட் ஸ்விட்ச் தனியாக வாங்குங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த இடையிடையே உறங்கும் 802.3ஏஇசெட் வசதி அதில் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையெனில் கடிகாரத் துடிப்பு தடுமாறும். டான்டே ஒலி வைஃபையில் ஓடாது. கைபேசியிலிருந்து குமிழ்களைத் திருப்ப மட்டும் வைஃபையை வைத்துக்கொள்ளலாம்.

ஹெட்போன் துளையும் லைன் அவுட் துளையும் ஒரே அளவுதான். மாற்றிச் செருகினால் என்ன?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். பூம்பாறைப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாவில், சேர்ந்து பாடுபவர்களுக்காக ஒரு பவர் ஸ்பீக்கர் வேண்டும் என்று, மானிட்டர் பெட்டியின் ஹெட்போன் துளையிலிருந்து அந்த ஸ்பீக்கரின் பின்பக்கத்துக்கு மூன்று வளையப் பகுதிகள் கொண்ட ஜாக் கேபிளை இழுத்திருந்தார்கள். கீபோர்டு கேட்டது, தபேலா கேட்டது, எதிரொலி கேட்டது. முதன்மைப் பாடகரின் குரல் மட்டும் வரவில்லை. மூன்று மைக்குகளை மாற்றிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார்கள். பெட்டியில் அவருடைய குரலை இடப்பக்கம் முழுவதுமாகத் திருப்பச் சொன்னேன். குரல் உடனே வந்துவிட்டது.

ஹெட்போன் ஜாக்கின் நுனியில் இடது காதுக்கான ஒலியும், நடு வளையத்தில் வலது காதுக்கான ஒலியும், அடிப்பகுதியில் பொதுத் தரையும் இருக்கின்றன. சமன்செய்த இணைப்பிலும் அதே மூன்று பகுதிகள்தான். ஆனால் அங்கே நுனியில் ஒலியும், வளையத்தில் அதே ஒலியின் தலைகீழ் வடிவமும் இருக்கும். பெற்றுக்கொள்ளும் ஸ்பீக்கர், நுனியில் வருவதிலிருந்து வளையத்தில் வருவதைக் கழித்து எடுத்துக்கொள்ளும். வழியில் கேபிளில் ஒட்டிய இரைச்சல் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கழிந்துபோகும். அந்தக் கழித்தலுக்குள் ஹெட்போன் ஒலியை அனுப்பினால், இடதிலும் வலதிலும் ஒரே அளவாக நடுவில் வைத்திருக்கும் குரல், இரைச்சலைப் போலவே கழிந்துவிடுகிறது. பக்கவாட்டில் தள்ளி வைத்தவை மட்டுமே மிஞ்சும்.

எதிர்ப்பக்கமாகத் தவறினால், அதாவது லைன் அவுட்டில் ஹெட்போனைச் செருகினால், ஒரு காதில் நேராகவும் மறு காதில் தலைகீழாகவும் ஒலி வரும். குரல் தலைக்கு வெளியே எங்கோ அலைவது போலவும் தாழ்ந்த சுரங்கள் வற்றிப்போனது போலவும் தோன்றும். சில பெட்டிகளில் வளையத்தில் ஒலியே இராது. அப்போது ஒரு காது மட்டும் கேட்கும். நல்ல ஹெட்போனைக் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவைத்தவர்கள் உண்டு.

ஸ்பீக்கருக்கும், காதுக்குள் மாட்டும் இயர்போனுக்குக் கம்பியில்லாமல் ஒலி அனுப்பும் இன்-இயர் டிரான்ஸ்மிட்டருக்கும் லைன் அவுட்டைப் பயன்படுத்துங்கள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு கேபிள்கள். டிரான்ஸ்மிட்டரில் உள்ளீட்டு அளவைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இருந்தால் அதையும் பாருங்கள். தொழில்முறைக் கருவிகளின் அளவு +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளின் அளவு −10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட். பொருத்தம் தவறினால் ஒலி உடைந்து வரும் அல்லது முனகலாக வரும்.

காதில் மாட்டியபடியே எந்தக் கேபிளையும் செருகவோ உருவவோ கூடாது. முதலில் ஒலியளவைக் குறையுங்கள், பிறகு காதிலிருந்து எடுங்கள், அதன் பிறகு கேபிளைத் தொடுங்கள். செருகும் கணத்தில் எழும் ‘டப்’ என்ற வெடிப்பு, செவிப்பறைக்கு ஓர் அங்குலம்கூடத் தள்ளி இராத ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. பெட்டியில், ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒலி வரம்பி இருந்தால் அதை முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

எங்கள் மண்டபத்துக்குப் பக்கத்தில் வானொலிக் கோபுரம் இருக்கிறது. லைன் அவுட்டில் வரும் உறுமல் வானொலியால் வருகிறதா?

இல்லை. கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்குப் பத்துக் கோடிக்கும் மேலான அதிர்வுகளில் ஒலிபரப்பாகிறது. நீங்கள் கேட்பது ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸிலோ 100 ஹெர்ட்ஸிலோ வரும் மின்சாரத்தின் உறுமல். மானிட்டர் பெட்டி ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் தொலைவிலுள்ள வேறொரு பிளக்கிலும் இருந்து, அந்த இரண்டின் எர்த்துக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தால், ஆடியோ கேபிளின் உலோக உறை வழியே அந்த வேறுபாடு ஓடி உறுமலாகிறது.

இரண்டையும் ஒரே இடத்து மின்சாரத்திலிருந்து எடுங்கள். சமன்செய்த கேபிளைப் பயன்படுத்துங்கள். அப்படியும் போகாவிட்டால் ஒலிப்பாதையில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வையுங்கள். நெட்வொர்க் துளைக்குள் ஏற்கெனவே அத்தகைய டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால், உலோக உறையில்லாத நெட்வொர்க் கேபிள் எர்த் வளையத்தை உருவாக்காது. உலோக உறையுள்ள கேபிளோ இரு முனைக் கூட்டையும் இணைத்துவிடும். ஏஇஎஸ்50 கேட்பதால் மட்டும் அதைப் போடுகிறோம்.

உறுமல் போவதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடிக்கும் பிள்ளையின் உயிரைக் காப்பது அந்த ஒரு பின்தான். அதை ஒடித்த கேபிளைக் கண்டால் அங்கேயே வெட்டிப் போட்டுவிடுகிறேன்.

அடாப்டரில் ‘2000 மீட்டர் உயரம் வரை’ என்று எழுதியிருக்கிறது. கொடைக்கானலில் பயன்படுத்தக் கூடாதா?

நல்ல கேள்வி, கீழே வத்தலக்குண்டில் எவருக்கும் இது தோன்றாது. கொடைக்கானல் நகரம் சுமார் 2133 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்த இடத்தில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாய்வது எளிது. ஆதலால் அடாப்டருக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் இடையே விடும் காற்று இடைவெளியைப் பாதுகாப்புத் தரங்கள் 2000 மீட்டரை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுகின்றன. 3000 மீட்டருக்கு அந்த இடைவெளி 1.14 மடங்கு வேண்டும். நம் நகரத்தின் உயரத்துக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டு விழுக்காட்டளவே என்பதால், நல்ல நிறுவனத்தின் அடாப்டர் அணைந்துபோகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இடைவெளியில் ஏற்கெனவே கஞ்சத்தனம் செய்த மலிவு அடாப்டரை இங்கே நான் வைக்க மாட்டேன். புதிதாக வாங்குபவர்கள் 3000 மீட்டர் அல்லது அதற்கு மேல் என்று குறித்த பிஓஇ ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, பெட்டிகள் அனைத்தையும் அதிலிருந்தே ஓட்டுவது நல்ல ஏற்பாடு. பண்ணைக்காடு, தாண்டிக்குடிக்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை 2000 மீட்டருக்குக் கீழேதான் இருக்கின்றன.

இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் குறைவான காற்றே வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. குளிர் ஊர்தானே என்று ரேக்கின் பின்பக்கத்தைத் துணியால் மூடிவைக்காதீர்கள்.

காலையில் மட்டும் பெட்டி வேலை செய்ய மறுக்கிறது. பத்து மணிக்குப் பிறகு சரியாகிவிடுகிறது. ஏன்?

இரவு முழுவதும் பூட்டிய அரங்கில் பெட்டி குளிர்ந்து கிடக்கிறது. காலையில் மக்கள் நிறைந்ததும் அவர்களுடைய மூச்சின் ஈரம், கண்ணாடி டம்ளரில் நீர் கோப்பதைப் போலக் குளிர்ந்த உலோகத்தின் மேல் படிகிறது. நெட்வொர்க் துளைக்குள் இருக்கும் எட்டு மெல்லிய தொடுகம்பிகளிலும் அது படியும். பனிமூட்டம் அரங்குக்குள்ளேயே புகும் ஊரில் இது இயல்பு. கைவிளக்கைச் சாய்த்துத் துளைக்குள் பாருங்கள். பொன்னிறமாக மின்ன வேண்டிய கம்பிகளின் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. மின்சாரத்தையும் கேபிளையும் அகற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான தூரிகையால் துடைத்து உலரவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பொன் பூச்சு போய்விடும்.

நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டியை வெளியே எடுத்து வைத்து, அறையின் சூட்டுக்கு அது வந்த பிறகு மின்சாரம் கொடுங்கள்.

ஆலயத்திலிருந்து எதிரேயுள்ள மண்டபத்துக்கு வெளியே தொங்கவிட்டுக் கேபிள் இழுக்கலாமா?

செம்புக் கேபிள் என்றால் கூடாது. ஏப்ரல், மே மாதக் கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இங்கே இடியோடுதான் வருகின்றன. மின்னல் நேரே விழ வேண்டியதில்லை. அருகில் எங்கோ இறங்கினாலும் இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு எழும். அது கடக்கக் கிடைக்கும் பாலம் உங்கள் நெட்வொர்க் கேபிள்தான். துளைக்குள் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் சோதிக்கப்படுவது 1500 வோல்ட் அளவில். மின்னலுக்கு முன் அது நிற்காது.

உலோகம் இல்லாத ஒளியிழைக் கேபிளை இரு கட்டடங்களுக்கும் நடுவே ஓட்டி, இரு முனையிலும் ஒளியையும் மின்குறிப்பையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் கருவியை வையுங்கள். டான்டேவுக்கு இது முழுமையாக ஒத்துவரும். கேபிளைக் குழாய்க்குள் மண்ணில் புதைத்துவிட்டால் குரங்குகளும் எட்டாது, காட்டுமாட்டின் கொம்பிலும் மாட்டாது.

இடி தொலைவில் கேட்கத் தொடங்கியதும், மின் பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் பெட்டியிலிருந்து உருவிவிடுங்கள். பிளக்கை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்த ஓர் அரங்கில், மறுநாள் நான்கு பெட்டிகளின் நெட்வொர்க் துளைகள் செத்துக் கிடந்தன.

ரேக் மிக்ஸரில் உள்ள பிஎன்சி துளைக்கு எதையாவது செருகியே ஆக வேண்டுமா?

டான்டே மட்டும் பயன்படுத்தினால் தேவையில்லை; கடிகாரத் துடிப்பு நெட்வொர்க் வழியே வந்துவிடும். வேறு டிஜிட்டல் கருவியோடு ஒத்திசைக்க வேண்டியிருந்தால் 75 ஓம் கேபிளையே பயன்படுத்துங்கள். பழைய கேபிள் டிவி வயர் 75 ஓம்தான் என்றாலும் அதன் திருகு முனை இதற்குப் பொருந்தாது.

நிகழ்ச்சி முடிந்து கழற்றும்போது எந்த வரிசையில் கழற்றுவது?

ஸ்பீக்கர்களையும் இன்-இயர் டிரான்ஸ்மிட்டர்களையும் முதலில் அணையுங்கள். எல்லோரும் காதிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு, மானிட்டர் பெட்டிகளுக்கான மின்சாரத்தை நிறுத்துங்கள். பிஓஇ என்றால் ஸ்விட்சை அணைத்தாலே போதும். அதன் பிறகு ஜாக்குகள், கடைசியாக நெட்வொர்க் கேபிள்கள். கேபிளை முழங்கையில் சுற்றாமல், ஒரு சுற்று மேலாகவும் அடுத்த சுற்று கீழாகவும் மாற்றி மாற்றிச் சுருட்டினால் முறுக்கு ஏறாது. ஈதர்கான் முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டு, பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் வைத்து மூடுங்கள். பொட்டலம் நிறம் மாறியிருந்தால் அடுப்பருகே வைத்துச் சூடேற்றி உலர்த்திய பிறகு வையுங்கள். இங்கே மழைக்காலத்தில் வெயிலுக்குக் காத்திருந்தால் அது உலராது.